ரெண்டு பூசை

கிராம சுகாதார நர்ஸ் மரியசெல்விக்கு அருவருப்பு என்பது வேலையில் சேர்ந்த புதிதிலேயே விட்டுப்போன சங்கதி. பதினாறு வருஷத்தில் புழு வைத்த புண்ணைக் கழுவியிருக்கிறாள். மாட்டுக்கொட்டகையில் பிரசவம் பார்த்துவிட்டு, அங்கேயே ஓரமாக உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாள். முகத்தில் இருமிய கிழவரின் சளியை முந்தானையால் துடைத்துக்கொண்டு, அவருக்கே மாத்திரை எண்ணிக் கொடுத்திருக்கிறாள். அப்படிப்பட்டவள் 2009 டிசம்பர் ஆறாம் தேதி காலைப் பூசை முடிந்து வெளியே வந்து, லூர்துபட்டிக் கோயிலின் அறிவிப்புப் பலகையை வாசித்ததும் வாயில் புளித்த தண்ணீர் ஊறி, வேப்பமரத்துப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

பலகையில் இப்படி இருந்தது:

‘பன்றிக் காய்ச்சல் பரவுவதை முன்னிட்டு, செவிலியர் திருமதி மரியசெல்வி அவர்களின் ஆலோசனைப்படி, இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் திருப்பலி இரண்டாகப் பிரித்து நிறைவேற்றப்படும். காலனி மக்களுக்கு 24ஆம் தேதி மாலை 4 மணிக்கு அந்தோணியார் சிற்றாலயத்தில். மற்றவர்களுக்கு இரவு 11.30 மணிக்குப் பங்குக் கோயிலில். பாலன் சுரூபம் முத்தி செய்தல் பங்குக் கோயிலில் மட்டும் நடைபெறும்.’

இரண்டு தரம் வாசித்தாள். பெயர் அவளுடையதுதான்.

லூர்துபட்டி ரெட்டியார்சத்திரத்திலிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டர். ஊர்த்தெருவில் இருநூற்றைம்பது கத்தோலிக்கக் குடும்பம், காலனியில் நூற்றைம்பது. இரண்டுக்கும் பங்குக் கோயில் ஒன்றுதான், காலனிக்குள் அந்தோணியாருக்கு ஒரு சின்னக் கோயில் மட்டும் தனியாக உண்டு. ஒரு காலத்தில் காலனி ஆட்கள் கோயிலின் இடது பக்கத்தில், மரத்தடுப்புக்கு அந்தப் புறம் நின்றுதான் பூசை பார்க்க வேண்டும். 1993ல் மறைமாவட்டத்து ஆயர் நேரில் வந்து சொல்லித் தடுப்பை எடுத்தார்கள். எடுத்த அன்று ஊர்த்தெருவில் பாதிப் பேர் பூசைக்கு வரவில்லை. பிறகு வந்தார்கள். கோயில் ஒன்றானது, கல்லறைத் தோட்டம் மட்டும் இன்னும் இரண்டாகவே கிடந்தது. மரியசெல்வி ஊர்த்தெருக்காரி.

அந்த வருஷம் ஆகஸ்ட்டிலிருந்தே பன்றிக் காய்ச்சல் பயம் ஊரை ஆட்டியது. டிவியில் பூனா, பூனா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் முகமூடி விற்றார்கள். நவம்பர் கடைசி ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கிய அன்று, கோயில் காரியங்களைப் பேசி முடிவெடுக்கும் பங்குப் பேரவைக் கூட்டத்துக்கு மரியசெல்வியையும் வரச்சொன்னார் பங்குத்தந்தை ஸ்டீபன்ராஜ். கிறிஸ்துமஸை எப்படி நடத்துவது என்று பேச வேண்டும், விவரம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்றார்.

அவள் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனாள். தீர்த்தத் தொட்டியில் தண்ணீர் வேண்டாம். சமாதானம் சொல்லும்போது கையைத் தொடாமல் கும்பிட்டுக்கொள்ளலாம். நற்கருணை அப்பத்தை நாக்கில் தராமல் கையில் தரலாம். பாலன் சுரூபத்தை, குழந்தை இயேசுவின் சிலையை, வாயால் முத்தமிட்டு முத்தி செய்ய வேண்டாம், தலை வணங்கினால் போதும். நள்ளிரவில் எழுநூறு எண்ணூறு பேர் கோயிலுக்குள் நெருக்கியடித்து நிற்பதைத் தவிர்த்து, கூட்டத்தைப் பிரித்து இரண்டு மூன்று பூசையாக வைக்கலாம். காய்ச்சல், இருமல் இருக்கிறவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

பேரவையின் துணைத் தலைவர் பாஸ்கல் அதை வாங்கிக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மரியசெல்வியின் அப்பாவுக்கு அண்ணன் முறை. அவளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

“நல்லா எழுதியிருக்க தாயி. பிரிக்கணும்கிறது ரொம்பச் சரி. நோயோட பேரே சொல்லுதே, பன்னிக் காய்ச்சல்னு. இந்த ஊர்ல பன்னியோட புழங்குறது யாருன்னு தனியாச் சொல்லணுமா?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். காலனி சார்பில் பேரவையில் இருந்த ஆனந்தமேரி சிரிக்கவில்லை. நூல் மில்லில் வேலை பார்க்கிறவள், பாட்டுக்குழுவுக்குத் தலைவி. அவள் மரியசெல்வியின் முகத்தைத்தான் பார்த்தாள்.

“பெரியப்பா, பேருதான் அப்படி. பன்னி வளக்குறதால வாரதில்ல. மனுசங்ககிட்டேயிருந்து மனுசங்களுக்கு வாரது. வெளியூர் போயிட்டு வாரவங்க மூலமாத்தான் பரவுது” என்றாள் மரியசெல்வி.

“அதுவும் அவங்கதானே? திருப்பூர், திண்டுக்கல் தோல் ஷாப்புன்னு அலையிறது யாரு?”

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. நர்ஸாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, மற்றதற்கு வாயைக் கொடுத்தால் வம்பு என்று பட்டது. யார் யார் எந்தப் பூசைக்கு என்று ஸ்டீபன்ராஜ் கேட்டபோது, “அதை நீங்களே பேசிப் பிரிச்சுக்கங்க ஃபாதர்” என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்து, தட்டிலிருந்த பிஸ்கட்டையும் தின்றுவிட்டு வந்தாள். அவர்கள் பிரித்த லட்சணம்தான் இப்போது பலகையில் தொங்கியது.

பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பினாள். ஆனந்தமேரி.

“வாசிச்சிட்டீங்களா நர்சம்மா?”

வழக்கமாக அக்கா என்று கூப்பிடுகிறவள். அவளுடைய இரண்டு பிரசவத்தையும் பார்த்தவள் மரியசெல்வி.

“மேரி, நான் இப்படி எழுதல.”

“பிரிக்கணும்னு எழுதுனீங்கள்ல?”

“கூட்டத்தைப் பிரிக்கணும்னு எழுதுனேன்.”

“அவரு பன்னின்னு சொன்னப்ப நீங்க அங்கதான இருந்தீங்க? காய்ச்சல் பன்னியில வராதுன்னு சொன்னீங்க. ஏன் சார் எங்களை இப்படிப் பேசுறீங்கன்னு நான் கேக்குறதுக்கு முந்தி நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன். நீங்க பிஸ்கட்ட எடுத்துக் கடிச்சிட்டீங்க.”

மரியசெல்விக்கு மறுபடி வாய் புளித்தது. இந்த முறை அது பெரியப்பாவின் மேல் வந்த அருவருப்பு இல்லை.

“எங்க சின்னக் கோயில்ல அறுபது பேரு நிக்கலாம். நாங்க அறுநூறு பேரு. நெருக்கியடிச்சா எங்களுக்குக் காய்ச்சல் வராதா? அதைக் கேட்டுச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு ஆனந்தமேரி போய்விட்டாள்.

மரியசெல்வி நேராகச் சாமியார் பங்களாவுக்குள் போனாள். ஸ்டீபன்ராஜ் காலைச் சாப்பாட்டில் இருந்தார். நாற்பது வயதைத் தாண்டாதவர், மென்மையான குரல். இந்தப் பங்குக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

“ஃபாதர், என் பேரை எடுங்க.”

“உட்காரும்மா. இட்லி சாப்பிடுறியா?”

“அறுநூறு பேரை அந்தச் சின்ன அறைக்குள்ள அடைக்கச் சொன்னேனா நான்? அன்பியக் குழு குழுவா, ரெண்டு தெருவையும் கலந்து, மைதானத்துல வைக்கலாமே?”

அவர் சட்னியைத் தொட்டு இட்லியைப் பிய்த்தார். “நீ சொல்றது புரியுதும்மா. ஆனா இந்தப் பங்கு எப்படின்னு உனக்குத் தெரியும். போன மாசமே பாஸ்கல் சார் பேசிட்டாரு. நான் மாட்டேன்னு சொன்னா ஊர்த்தெரு மொத்தமும் வராது. பண்டிகை அமைதியா நடக்கணும். இந்த ஒரு வருஷம்தான். டெம்ப்ரவரி.”

“டெம்ப்ரவரியா பண்ற பாவத்துக்கு வேற பேரு இருக்கா ஃபாதர்?”

அவர் விரலில் ஒட்டிய சட்னியை நாக்கால் நக்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார். நோய்க்கிருமி கைவழியாகவும் பரவும் என்று போன வாரம்தான் அவரிடம் சொல்லியிருந்தாள். அந்த விரல், அந்த நாக்கு, நாளைக்கு அதே விரலால் எடுத்துத் தரப்போகும் நற்கருணை எல்லாமே அவளுக்குக் குமட்டியது. எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் கணவன் சகாயராஜிடம் சொன்னாள். ரெட்டியார்சத்திரத்தில் விதைக்கடை வைத்திருக்கிறவன். “உன் பேரைப் போட்டா போட்டுட்டுப் போறாங்க. உங்க பெரியப்பாவைப் பகைச்சிட்டு இந்த ஊர்ல இருக்க முடியுமா?” என்றான். அவன் கெட்டவன் இல்லை. அன்று அவன் பிசைந்து வாயில் போட்ட சோற்றுக் கவளத்தைப் பார்க்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஒரு வெள்ளைத் தாளில், ‘மேற்கண்ட அறிவிப்பு என் ஆலோசனை அன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நோட்டீஸுக்குக் கீழே குத்திவிட்டு வந்தாள். சாயங்காலம் அதைக் காணவில்லை. மேலே இருந்தது அப்படியே இருந்தது.

பதினெட்டாம் தேதிக்குள் குடில் கட்டி முடித்தார்கள். காலனிப் பையன்கள் வழக்கம்போல் மூங்கில் வெட்டி வந்து, ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வைக்கோல் கொண்டு வந்து கட்டினார்கள். தாங்கள் முத்தி செய்யப் போகாத பாலனுக்கு. அதைப் பற்றி ஊர்த்தெருவில் யாருக்கும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

இருபதாம் தேதி ஞாயிறு மத்தியானம் பாஸ்கல் வீட்டிலிருந்து போன் வந்தது. “செல்வி, செத்த நேரம் வந்துட்டுப் போ தாயி. கொல்லைப் பக்கமா வா.”

கொல்லைக் கதவு திறந்து இருந்தது. உள் அறையில் பெரியப்பாவின் மகன் ரொனால்டு போர்த்திப் படுத்திருந்தான். பூனாவில் கார் கம்பெனியில் வேலை. முந்தாநாள்தான் வந்திருந்தான். காலைப் பூசையில் முதல் வாசகம் வாசித்தவனே அவன்தான். வாசிக்கும்போது இரண்டு தரம் இருமியதை அவள் கேட்டிருந்தாள். தொட்டுப் பார்த்தாள், கொதித்தது. தெர்மாமீட்டர் நூற்றுமூன்று காட்டியது. தொண்டை கட்டியிருந்தது. மூச்சு இழுத்தது.

“எத்தனை நாளா இருக்கு?”

“ரயில்லேயே இருந்துச்சு அக்கா. என் ரூம்மேட்டுக்கு பாசிட்டிவ்.”

ரூம்மேட்டுக்கு உறுதியாகியிருக்கிறது. தெரிந்தேதான் வந்திருக்கிறான். தெரிந்தேதான் மைக்கில் வாயை வைத்து வாசித்திருக்கிறான். பூசைக்குப் பிறகு ஊர்த்தெரு முழுக்கக் கை குலுக்கி, கட்டிப்பிடித்து, குழந்தைகளின் கன்னத்தைக் கிள்ளி வந்ததை அவளே பார்த்திருந்தாள்.

“ஜி.ஹெச்சுக்குப் போகணும். தொண்டையில ஸ்வாப் எடுத்து டெஸ்ட் பண்ணணும். வீட்ல எல்லாருக்கும் மாத்திரை வேணும்” என்றாள்.

பாஸ்கல் கதவைச் சாத்தினார். “அதெல்லாம் வேணாம் தாயி. நீ அந்த டாமிஃப்ளூ மாத்திரைய மட்டும் எப்படியாச்சும் கொண்டாந்து குடு. நாலு நாள்ல எந்திரிச்சிருவான். இருபத்துநாலு ராத்திரி பாலனைத் தூக்கிட்டு வாரது நம்ம வீட்டு முறை. எங்க அப்பா தூக்கினாரு, நான் தூக்கினேன். இந்த வருஷம் இவன் தூக்கணும்.”

“இவனா? இந்தக் காய்ச்சலோடவா?”

“வெளிய தெரிஞ்சா என்னாகும்? காலனிக்காரன் கைகொட்டிச் சிரிப்பான். நம்ம தெருவுக்கே அசிங்கம்.”

“பெரியப்பா, அவங்களுக்குக் காய்ச்சல் வரும்னுதானே அவங்களைத் தள்ளி வச்சீங்க?”

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கேள்வியே புரியாதவர் மாதிரி இருந்தார். “அது வேற, இது வேற. நீ நம்ம ரத்தம்தானே? உனக்குத் தெரியாதா?”

பெரியம்மா ஒரு தட்டில் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து நீட்டினாள். பண்டிகைக்குச் சுட்டது. அதிரசத்தின் எண்ணெய் வாடையும், அந்த மூடிய அறையின் காய்ச்சல் வாடையும், ‘நம்ம ரத்தம்’ என்ற சொல்லும் ஒன்றாகக் கலந்தன. எத்தனை நோயாளிகளின் வாடை பட்ட மூக்கு அது. அந்த அறையில் அவளால் ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு, முன்வாசல் வழியாகவே வெளியே வந்தாள். தெருவில் நின்றே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு போன் பண்ணினாள்.

ஒரு மணி நேரத்தில் ஜீப் வந்தது. வெயில் சுள்ளென்று அடிக்க, முகமூடி போட்ட நான்கு பேர் இறங்குவதை ஊர்த்தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. ரொனால்டை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் போனார்கள். வண்டி கிளம்பும்போது பாஸ்கல் அவளைப் பார்த்துத் தெருவில் காறித் துப்பினார்.

புதன்கிழமை முடிவு வந்தது. பாசிட்டிவ். அதற்குள் வீடு வீடாகப் பார்த்ததில் ஊர்த்தெருவில் மட்டும் பதினொரு பேருக்குக் காய்ச்சல். காலனியில் ஒரே ஒரு கிழவிக்கு இருமல், அதுவும் பழைய இளைப்பு. அன்று சாயங்காலம் கோயில் மைதானத்தில் அவசரக் கூட்டம். பாஸ்கல் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அவருக்குப் பதிலாக அவருடைய மச்சினன் ஞானதாஸ் பேசினார்.

“சாமி, நிலைமை சரியில்ல. இந்த வருஷம் கிறிஸ்துமஸ் பூசையே வேணாம். கோயிலைப் பூட்டிருவோம். சின்னக் கோயிலும் வேணாம். உயிரைவிடப் பண்டிகை பெருசா?”

ஸ்டீபன்ராஜ் தலையாட்டினார். “எல்லாருடைய நலனையும் பார்க்கணும் இல்லையா?” என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. எந்தப் பக்கமும் சாயாமல் தப்பிக்க வழி கிடைத்துவிட்டது.

ஆனந்தமேரி எழுந்தாள். “சாமி, ஒன்னு கேக்குறேன். எங்களுக்குக் காய்ச்சல் வரும்னு நெனச்சப்ப எங்களை மட்டும் தள்ளி வச்சீங்க. உங்க கோயில் தொறந்துதான் இருந்துச்சு. இப்ப அவங்களுக்குக் காய்ச்சல். அவங்களைத் தள்ளி வச்சிட்டு எங்களுக்குக் கோயிலைத் தொறக்கலாமே? அதுக்குப் பதிலா கோயிலையே பூட்டுறீங்க. நாங்க மட்டும் அதுக்குள்ள நிக்கிறதைப் பாக்க முடியாது, அதானே?”

“ஏ, பாத்துப் பேசு” என்றார் ஞானதாஸ்.

“அவ சரியாத்தான் பேசுறா” என்றாள் மரியசெல்வி.

“நீ பேசாத. சொந்தத் தம்பியைக் காட்டிக் குடுத்தவ.”

போன மாதம் வாங்கிய பாடம் நெஞ்சில் பச்சையாக இருந்தது. இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால், தன் முகத்தைத் தானே கண்ணாடியில் பார்க்க முடியாது என்று தோன்றியது.

“ஃபாதர், கோயிலைப் பூட்டுறதா இருந்தா அந்த நோட்டீஸ்லயும் என் பேரைத்தான் போடுவீங்க. போட்டீங்கன்னா நான் ஆயருக்கு எழுதுவேன். முதல்ல யாரைப் பிரிச்சீங்க, ஏன் பிரிச்சீங்க, கூட்டத்துல யாரு என்ன பேசினா, அப்ப நான் எப்படி உக்காந்திருந்தேன், எல்லாத்தையும் எழுதுவேன். காய்ச்சல் இல்லாதவங்க காலையில எட்டு மணிக்கு இந்த மைதானத்துல தள்ளித் தள்ளி உக்காந்து பூசை பாக்கலாம். எந்தத் தெருவா இருந்தாலும். அதுக்கு மருத்துவத்துல ஒரு தடையும் இல்ல. தடை வேற எதுலயோ இருக்கு.”

ஸ்டீபன்ராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆயர் என்ற சொல்தான் அவரை அசைத்தது என்பது அவளுக்குத் தெரிந்தது. மனசாட்சி அசைந்திருந்தால் கொஞ்சமாவது சந்தோஷப்பட்டிருப்பாள்.

“சரி. மைதானத்துல. ஒரே பூசை” என்றார்.

கிறிஸ்துமஸ் காலை பனி விலகி வெயில் ஏறும்போது மைதானத்தில் ஐந்நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். காலனி ஏறக்குறைய முழுசாக வந்திருந்தது. ஊர்த்தெருவிலிருந்து நாற்பது பேர் இருக்கும். சுண்ணாம்பால் கட்டம் போட்டு, ஒரு குடும்பத்துக்கு ஒரு கட்டம் என்று, தெரு பார்க்காமல் கலந்து உட்கார வைத்திருந்தாள் மரியசெல்வி. பாட்டு ஆனந்தமேரியுடையது. மைக்கே வேண்டியிருக்கவில்லை, அப்படி ஒரு குரல். சகாயராஜ் வந்து கடைசிக் கட்டத்தில் உட்கார்ந்ததைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆனாலும் நற்கருணை நேரத்தில் அது நடந்தது. கூப்பிடும் முன்பே ஊர்த்தெரு நாற்பது பேரும் எழுந்து, கட்டங்களை மிதித்துக்கொண்டு, முதலில் போய் நின்றார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிவைத்த மாதிரி. காலனிக் கைகளுக்குக் கொடுத்த பிறகு அதே சாமியாரின் விரல் தங்கள் கையைத் தொட்டுவிடக்கூடாது. அந்த நாற்பதில் மரியசெல்வியின் அம்மாவும் இருந்தாள். கையை நீட்டி அப்பத்தை வாங்கி, கண்ணை மூடி, பக்தியாக வாயில் போட்டுக்கொண்டாள். மரியசெல்வி அந்தப் பக்தியான முகத்தைப் பார்த்தாள். அன்று அவள் நற்கருணை வாங்கவில்லை.

பூசை முடிந்து ஆனந்தமேரியிடம் போனாள்.

“மேரி, அன்னைக்கு நான் பேசாம இருந்தது தப்பு.”

“தப்புதான்” என்றாள் ஆனந்தமேரி. பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள். கோபமாகவும் இல்லை, சமாதானமாகவும் இல்லை. “இப்ப பேசினீங்க. அதையும் பாத்தேன். மனசு சரியாக நாளாகும்.”

இருபத்தேழாம் தேதி, புதுவருஷப் பூசைக்குத் திட்டம் போடப் பேரவை கூடியது. ரொனால்டு பிழைத்துக்கொண்டான், வார்டிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான் என்று ஞானதாஸ் சொன்னார். மரியசெல்விக்கு அது நல்ல செய்தியாகவே இருந்தது. பதினொரு பேரும் தேறி வந்தார்கள், யாரும் சாகவில்லை. ஸ்டீபன்ராஜ் பேனாவை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். “சொல்லும்மா, என்ன எழுதலாம்?”

“எழுதுறதை நான் எழுதுறேன் சாமி” என்று ஆனந்தமேரி கையை நீட்டினாள். “அவங்க சொல்லட்டும். எழுதி இங்கேயே எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுறேன். அப்புறம் அவங்க கையெழுத்துப் போடட்டும்.”

“உன் கையெழுத்துல நோட்டீஸ் தொங்கினா எங்க தெருவுல யாரு படிப்பா?” என்றார் ஞானதாஸ், சிரித்துக்கொண்டே, அது ஏதோ வேடிக்கை மாதிரி.

யாரும் பதில் சொல்லும் முன் மரியசெல்வி சொல்ல ஆரம்பித்தாள். “காலை எட்டு மணி. மைதானம். ஒரே பூசை. நற்கருணைக்குக் கட்டம் கட்டமா, பின்னாலேயிருந்து வரிசையா எந்திரிக்கணும், எந்தத் தெருவும் முந்தக் கூடாது.” ஆனந்தமேரி எழுதினாள். வாசித்தாள். மரியசெல்வி கையெழுத்துப் போட்டாள். ஸ்டீபன்ராஜும் போட்டார், கொஞ்சம் தயங்கி.

மறுநாள் அதை யாரோ கிழித்திருந்தார்கள். ஆனந்தமேரி இன்னொன்று எழுதி ஒட்டினாள். அதன்மேல் சாணியை அப்பியிருந்தார்கள். மில்லுக்குப் போகும் வழியில் அதைப் பார்த்த ஆனந்தமேரி சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றாள். துணை சுகாதார நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்த மரியசெல்வி வண்டியை ஓரம் கட்டினாள். பையிலிருந்து பஞ்சும் டெட்டாலும் எடுத்தாள். வெறும் சாணி, அதில் அருவருக்க அவளுக்கு ஒன்றுமில்லை. இருவரும் சேர்ந்து பலகையைத் துடைத்தார்கள். மில் சங்கு ஊதுவதற்குள் மூன்றாவது நோட்டீஸை எழுதிவிட்டாள் ஆனந்தமேரி.